ஜாஸ் இசையும் டேவ் புறூபெக் குழுவும்

கலைகளுள் கூட்டுறவாற் சிறப்பது இசை. ஓவியன் தனித்திருந்து தீட்டலாம். புலவன் தனித்திருந்து பாடலாம். இசையரங்கிலோ குரலும் குழலும் யாழும் தண்ணுமையும் ஒன்றையொன்று தழுவிச் செல்லும்போதே சுவை நிரம்புகின்றது. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் ஈறாக அரங்கிற்கு வேண்டிய ஆசிரியர் ஒவ்வொருவரின் இலக்கணத்தையும் தனித்தனியே வகுத்துரைப்பதும் இதுபற்றியே என்க. தம் திறத்தைக் காட்டுதலும் பிறர் திறத்திற்கு இடங்கொடுத்தலும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற கூட்டமே நல்ல இசைக்குழுவாகும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேனாட்டில் இவ்விலக்கணத்துக்கு இலக்கியமாய் விளங்கியது டேவ் புறூபெக்கின் நால்வர் குழு. 1951ஆம் ஆண்டு முதல் 1967ஆம் ஆண்டு வரை அது நிலைபெற்றிருந்தது. பொதுமக்கள் ஏற்கமாட்டார் என்று வணிகர் ஒதுக்கிய தாளங்களிலே அக்குழு வாசித்தது. அத்தாளங்களாலேயே உலகப் புகழ் எய்தியது. தன் உறுப்பினர் ஒருவரை அவர்தம் நிறம் காரணமாக விலக்குமாறு கேட்கப்பட்டபோது, அவரை விலக்காது வருவாயையே விலக்கியது. கணக்கிலும் கொள்கையிலும் விட்டுக்கொடாத ஒரு குழு மக்களின் பெருவிருப்புக்கும் உரியதாயிற்று என்பது ஆராயத்தக்க செய்தி. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாஸ் இசையின் இயல்பு

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், சிறப்பாக நியூ ஓர்லியன்ஸ் நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருப்பெற்றது ஜாஸ் இசை. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே அதன் முதற் படைப்பாளர். அவர்தம் தொழிற்பாடல்களும், தேவாலயப் பாடல்களும், ‘புளூஸ்’ எனப்படும் துயர்ப்பாடல்களும் ஐரோப்பியரின் ஊதுகருவி மரபோடு கலந்தமையால் இப்புதிய இசை பிறந்தது.

ஜாஸ் இசையின் உயிர்நாடி யாது? நம் கருநாடக இசையிலே மனோதர்மம் என்று போற்றப்படுவது எதுவோ அதுவே ஜாஸ் இசைக்கும் உயிர். முதலில் ஒரு மெட்டினைக் குழுவினர் சேர்ந்து வாசிப்பர். பின்னர் ஒவ்வொருவராக முன்வந்து, அம்மெட்டின் அடிப்படையில் அவ்வேளை தம் உள்ளத்தில் எழுவனவற்றை வாசிப்பர். இறுதியில் யாவரும் மீண்டும் மெட்டுக்குத் திரும்புவர். நம் பாடகர் கற்பனைச் சுரம் பாடி எடுப்பிற்கு வந்து சேர்வதோடு இதனை ஒப்பிடலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நமக்கு எல்லை வகுப்பது இராகம். ஜாஸ் கலைஞருக்கு எல்லை வகுப்பது, பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பித்துப் பெறும் சுரக்கூட்டுகளின் வரிசை. அவ்வரிசை ஒரு வட்டமாகத் திரும்பத் திரும்ப வரும். அவ்வட்டத்தினுள்ளேயே அவர்தம் கற்பனை இயங்கும்.

தாளத்தைப் பொறுத்தவரை ஜாஸ் இசை நெடுங்காலம் எளிமையாகவே இருந்தது. நடனத்துக்குரிய இசையாக அது வளர்ந்தமையின் பெரும்பாலும் நான்கெண்ணிக்கையே வழங்கியது. 1930களில் டியூக் எலிங்டன், கவுண்ட் பேசி, பெனி குட்மன் முதலியோரின் பெருங்குழுக்கள் நாடெங்கும் ஆடரங்குகளை நிரப்பின. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அப்பெருங்குழுக்களின் காலம் மங்கியது. சார்லி பார்க்கர், டிசி கில்லெஸ்பி போன்ற மேதைகள் சிறு குழுக்களை அமைத்து, ஆடுதற்கன்றிக் கேட்டற்கே உரிய நுட்பமான இசையை வளர்த்தனர். இசை உயர்ந்தது, கேட்போர் தொகையோ குறைந்தது. நுட்பமும் பொதுமக்கள் விருப்பமும் இருவேறு வழிகளிற் பிரிந்து சென்ற இக்காலத்திலேதான் புறூபெக் தம் பணியைத் தொடங்கினார்.

இளமையும் கல்வியும்

டேவ் புறூபெக் 1920 டிசெம்பர் 6ஆந் திகதி கலிபோர்னியா மாநிலத்துக் கொன்கோட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கால்நடைப் பண்ணை நடத்துபவர். தாயார் பியானோ ஆசிரியை. தாயாரிடமே சிறுவர் இசை பயின்றார். ஆயினும் அவருக்குப் பார்வைக் குறைபாடு இருந்தது. எழுதப்பட்ட இசைக்குறிகளைப் பார்த்து வாசிப்பதுபோற் காட்டிக்கொண்டு, காதாற் கேட்டதையே வாசித்து வந்தார். பண்ணையிலே நீரிறைக்கும் எந்திரத்தின் ஓசையோடும் குதிரையின் குளம்போசையோடும் பொருந்துமாறு வேறு தாளங்களை மனத்துள் அமைத்து மகிழ்ந்ததைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்துள்ளார். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தாளங்களை அடுக்கும் வேட்கை அவருக்கு இசைக்கூடத்தில் வந்ததன்று. மேய்ச்சல் நிலத்திலே வந்தது.

தந்தையின் தொழிலைப் பின்பற்றக் கருதி, ஸ்டொக்டன் நகரிலுள்ள பசிபிக் கல்லூரியில் விலங்கு மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அவர் மனம் அங்கு இல்லாமையைக் கண்ட விலங்கியல் ஆசிரியர், இசைப்பகுதிக்கே செல்லுமாறு அறிவுரை கூறினார். அங்கும் ஓர் இடர் நேர்ந்தது. இசைக்குறிகளை வாசிக்க அறியாதவர் இசைப் பட்டம் பெறுதல் எங்ஙனம்? உண்மை வெளிப்பட்டபோது அவரை நீக்கவும் எண்ணினர். அவர்தம் ஆற்றலை அறிந்த ஆசிரியர் சிலர் பரிந்து பேசினர். பியானோ கற்பிக்கும் ஆசிரியத் தொழிலை ஒருபோதும் மேற்கொள்வதில்லை என்னும் வாக்குறுதியின் பேரில் 1942இல் அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டது. மாணாக்கனின் குறையை மட்டும் நோக்காது நிறையையும் நோக்கிய அவ்வாசிரியர்களை நாம் மறத்தலாகாது. அதே ஆண்டில் உடன் பயின்ற அயோலா விட்லொக் என்பாரை அவர் மணந்தார்.

அடுத்துப் போர் குறுக்கிட்டது. படையிற் சேர்க்கப்பட்ட புறூபெக் 1944இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். போர்முனைக்குச் செல்லும் வழியில், செஞ்சிலுவைச் சங்கத்தார் நடத்திய ஒரு நிகழ்ச்சிக்குப் பியானோ வாசிப்பவர் தேவைப்பட்டார். புறூபெக் முன்வந்து வாசித்தார். அவ்வாசிப்பைக் கேட்ட அதிகாரி அவரை முனைக்கு அனுப்பாது நிறுத்தி, படைவீரருக்கென ஓர் இசைக்குழுவை அமைக்கப் பணித்தார். ஒரு பாட்டு ஓர் உயிரைக் காத்தது எனலாம். அக்குழுவிலே வெள்ளை இனத்தவரும் கறுப்பினத்தவரும் ஒருங்கே இடம்பெற்றனர். அமெரிக்கப் படைகளில் இரு நிறத்தாரும் தனித்தனிப் பிரிவுகளாக வைக்கப்பட்டிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

போர் முடிந்தபின், படைவீரருக்கு அரசு அளித்த கல்வி உதவியைக் கொண்டு, ஓக்லந்து நகரின் மில்ஸ் கல்லூரியில் டாரியுஸ் மீயோ என்னும் பிரெஞ்சு இசைமேதையிடம் புறூபெக் பயின்றார். மீயோ யூதர், நாற்சியரின் படையெடுப்பால் 1940இல் தாயகத்தை நீங்கி அமெரிக்கா புகுந்தவர். 1923ஆம் ஆண்டிலேயே ஜாஸ் இசையின் கூறுகளைத் தழுவி ஆடல் நாடகம் ஒன்றுக்கு இசையமைத்தவர். ஒரே நேரத்தில் இருவேறு ஆதார சுருதிகளில் இசையை நடத்தும் முறையில் வல்லவர். இத்தகைய ஆசிரியர் தம் மாணவரை ஐரோப்பியச் செவ்விசையின் பின்னே செல்லுமாறு பணிக்கவில்லை. ஜாஸ் இசையே உன் நாட்டின் இசை, அதனைக் கைவிடாதே என்னும் கருத்துப்பட ஊக்கினார். நன்றியறிதலாகப் புறூபெக் தம் மூத்த மைந்தருக்கு டாரியுஸ் என்றே பெயரிட்டார்.

குழுவின் தோற்றம்

மீயோவின் மாணவர் சிலரோடு சேர்ந்து புறூபெக் முதலில் எண்மர் குழு ஒன்றை அமைத்தார். புதுமை மிக்க அக்குழுவுக்கு அழைப்புகள் மிகச் சிலவே கிடைத்தன. பின்னர் 1949இல் மூவர் குழுவை நடத்தினார். 1951இல் ஹவாய்த் தீவின் கடற்கரையில் நீந்தும்போது நேர்ந்த விபத்தால் அவர் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டது. பல மாதங்கள் துன்புற்றார். கை நரம்புகளில் எஞ்சிய வலியினால், விரைந்தோடும் தனிச்சுரங்களைக் குறைத்துப் பல சுரங்களை ஒருங்கே அழுத்தும் முறையை மிகுதியும் கையாளலானார். அவருக்கே உரியதென்று பிற்காலத்தார் கண்ட கனத்த நடை இவ்வாறு வலுப்பெற்றது.

அவ்வாண்டிலேயே நால்வர் குழு தோன்றியது. பியானோவுக்குத் துணையாக வந்தவர் ஆல்ட்டோ சாக்சபோன் வாசிப்பாளராகிய போல் டெஸ்மண்ட். இவர் 1924இல் சான்பிரான்சிஸ்கோவிற் பிறந்தவர். இருவரும் படையில் இருந்தபோது 1944இல் முதன்முதற் சந்தித்தவர்கள். புறூபெக்கின் நடை கனமும் வேகமும் உடையது. டெஸ்மண்டின் நடையோ மென்மையும் தெளிவும் உடையது. ஒருவர் பாறை எனின் மற்றவர் அதன்மேல் ஓடும் அருவி. இயல்பால் முரண்பட்ட இவ்விருவரும் ஒருவர் வாசித்த தொடரை மற்றவர் ஏற்று, மாற்றி, விடையாகத் திருப்பித்தரும் நயமே குழுவின் முதற்கட்டப் புகழுக்குக் காரணமாயிற்று.

புறூபெக்கின் துணைவியார் அயோலா இக்கட்டத்திற் செய்த பணி குறிப்பிடத்தக்கது. மதுவும் புகையும் நிறைந்த இரவு விடுதிகளே அந்நாளில் ஜாஸ் கலைஞரின் புகலிடம். அங்கு வருவோர் இசை கேட்கவே வருபவர் அல்லர். அமைதியாக அமர்ந்து கேட்கவல்ல இளைஞர் கல்லூரிகளில் உளர் என்பதை உணர்ந்த அயோலா, கல்லூரி தோறும் கடிதம் எழுதி நிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்தார். 1953 மார்ச்சில் ஓபெர்லின் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரி இசைத்தட்டாக வெளிவந்து பெருமதிப்புப் பெற்றது. மேனாட்டுச் செவ்விசைப் பயிற்சிக்குப் பேர்போன அக்கல்லூரி மாணவரின் ஆரவாரம் அத்தட்டிலே இன்றும் ஒலிக்கின்றது. 1954இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘ஜாஸ் கோஸ் டு கொலிஜ்’ என்னும் தட்டின் பெயரே இம்முயற்சியின் தன்மையைக் காட்டும். ஜாஸ் கல்லூரிக்குச் சென்றது. கல்லூரியும் ஜாஸ் இசையை ஏற்றது.

அவ்வாண்டு நவம்பர் 8ஆந் திகதிய ‘டைம்’ சஞ்சிகையின் அட்டையில் புறூபெக்கின் உருவம் இடம்பெற்றது. அதற்கு முன் அச்சிறப்பைப் பெற்ற ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்றோங் ஒருவரே. டென்வர் நகர விடுதியில் அச்சஞ்சிகையைக் கொணர்ந்து புறூபெக்கிடம் காட்டியவர் டியூக் எலிங்டன். அம்முதுபெருங் கலைஞருக்கு முன் தமக்கு இப்பெருமை கிடைத்ததை எண்ணி மகிழ்வதற்குப் பதிலாக நாணினார் புறூபெக். அந்த நாணத்தைத் தம் முதுமையிலும் அவர் மறைத்தாரல்லர்.

1956இல் டிரம் வாசிப்பாளராக ஜோ மொறெல்லோ குழுவிற் சேர்ந்தார். 1928இற் பிறந்த இவரும் இளமை முதலே பார்வை குன்றியவர். முதலில் வயலின் பயின்றவர். 1958இல் டபிள் பாஸ் என்னும் பெருந்தந்திக் கருவியை வாசிக்க யூஜீன் றைட் வந்தார். 1923இல் சிக்காகோவிற் பிறந்த இவர் கறுப்பினத்தவர். புறூபெக், டெஸ்மண்ட், மொறெல்லோ, றைட் ஆகிய இந்நால்வருமே இரசிகர் நெஞ்சில் நிலைபெற்ற குழுவினராவர்.

கீழைத்தேயப் பயணம்

1958 பெப்ரவரியில் வட கரோலினா மாநிலத்தின் கிறீன்வில் நகரில் ஒரு கல்லூரிக்குக் குழுவினர் சென்றனர். மண்டபம் நிறைந்திருந்தது. கறுப்பினத்தவரான றைட் மேடையேறுதல் கூடாது என்று கல்லூரி நிருவாகத்தார் தடுத்தனர். அவரின்றி வாசிக்கோம் என்றார் புறூபெக். காத்திருந்த மாணவர் தரையைக் காலால் உதைத்து ஆரவாரித்தனர். நெடுநேரப் பேச்சுக்குப்பின், றைட் மேடையின் பின்புறத்தே நிற்பதாயின் வாசிக்கலாம் என்று இசைந்தனர். மேடையேறிய புறூபெக் சற்று நேரத்தில் றைட்டை நோக்கி, உமது ஒலிவாங்கி பழுதுற்றது. முன்னே வந்து என் ஒலிவாங்கியில் வாசியும் என்றார். றைட் முன்னே வந்து யாவரும் காண வாசித்தார். மாணவர் பெருமகிழ்ச்சியோடு வரவேற்றனர்.

இது நிகழ்ந்து சில வாரங்களுள் அதே குழுவை அமெரிக்க அரசு தன் நாட்டின் பண்பாட்டுத் தூதாக வெளிநாடுகளுக்கு அனுப்பியது. வல்லரசுகளிடையே பனிப்போர் நிலவிய காலம் அது. சுதந்திரத்தின் குரலாக ஜாஸ் இசையை உலகெங்கும் ஒலிக்கச் செய்ய அரசு விரும்பியது. சொந்த நாட்டில் ஒரு கல்லூரி மேடையில் முன்வரிசையில் நிற்க அனுமதி மறுக்கப்பட்டவரே பிறநாட்டில் அந்நாட்டின் சமத்துவத்துக்குச் சான்றாக நிறுத்தப்பட்டார். இம்முரண்பாட்டைப் புறூபெக்கும் அயோலாவும் ஆழ உணர்ந்தனர். அதனையே பொருளாகக் கொண்டு ‘த றியல் அம்பாசிடர்ஸ்’ என்னும் இசை நாடகத்தை இயற்றினர். லூயி ஆம்ஸ்ட்றோங் அதில் தலைமை ஏற்றார். 1962 செப்டெம்பரில் மொன்றறே ஜாஸ் விழாவில் அது மேடையேறியது.

1958ஆம் ஆண்டுப் பயணத்தில் போலந்து, துருக்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, ஈரான், ஈராக் முதலிய நாடுகளோடு நம் இலங்கையும் இடம்பெற்றது. தூதாக வந்தவர் கற்பிக்க மட்டும் வரவில்லை; கற்கவும் வந்தனர். போலந்திலே சோபின் என்னும் இசைமேதையின் நினைவில் ஒரு மெட்டினை அமைத்து, அந்நாட்டு மொழியில் நன்றி எனப் பொருள்படும் சொல்லையே அதற்குத் தலைப்பாக்கினார் புறூபெக். இந்தியாவிலே அந்நாட்டுக் கலைஞரோடு அமர்ந்து வாசித்தனர். தாளக் கருவியாளரோடு மொறெல்லோ தாமும் சேர்ந்து வாசித்தார். கல்கத்தாவின் பெயரிலும் ஓர் இசையுரு எழுந்தது. இவையெல்லாம் அவ்வாண்டிலேயே ஓர் இசைத்தட்டாகத் தொகுக்கப்பட்டன.

இப்பயணத்தின் தலையாய பயன் துருக்கியிலே கிடைத்தது. இஸ்தான்புல் நகரத் தெருவிலே இசைவாணர் சிலர் ஒன்பதெண்ணிக்கையில் ஒரு தாளத்தை வாசிக்கப் புறூபெக் கேட்டார். அவ்வொன்பது மூன்று மூன்றாகப் பிரியவில்லை; இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று எனப் பிரிந்தது. அமெரிக்கருக்கு ‘புளூஸ்’ எத்துணை இயல்பானதோ அத்துணை இயல்பாகத் தெருவில் நிற்பவருக்கும் இத்தாளம் கைவருவதைக் கண்டு அவர் வியந்தார்.

புதிய தாளங்கள்

நமக்கு இதில் வியப்பு இல்லை. திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம், சங்கீர்ணம் என மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய எண்ணிக்கைகளைச் சாதிகளாக வகுத்துக் கையாளுவது நம் மரபு. கோயில் வீதியிலே தவில் கேட்டு வளர்ந்த சிறுவனுக்கும் ஐந்தும் ஏழும் செவிக்குப் பழகியவை. ஜாஸ் உலகிலோ ஐந்தெண்ணிக்கை மிக அரிது. ஆடலுக்குக் காலைப் பழக்கியோர்க்கு நான்கும், சுழல் நடனத்திற்கு மூன்றும் போதுமாயிருந்தன. ஆதலால் 1959இல் முழுத் தட்டொன்றையும் புதிய தாளங்களின் ஆய்வாக அமைக்கப் புறூபெக் கருதியபோது இசைத்தட்டு நிறுவனத்தின் விற்பனையாளர் தயங்கினர். தாளம் புதிது, பாட்டுகள் யாவும் புதியன, பழகிய மெட்டு ஒன்றேனும் இல்லை, அட்டையிலும் கலைஞரின் நிழற்படத்துக்குப் பதிலாகப் பொருள் விளங்கா நவீன ஓவியம். இம்மூன்றும் வணிக வழக்கத்துக்கு மாறானவை. நிறுவனத் தலைவர் கொடார்ட் லீபர்சன் ஆதரவு நல்கினமையால் அவ்வாண்டின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் ஒலிப்பதிவு நிகழ்ந்தது. டிசெம்பரில் ‘டைம் அவுட்’ என்னும் பெயரோடு தட்டு வெளிவந்தது.

அதன் முதற்பாட்டாகிய ‘புளூ றொண்டோ ஆ லா டேர்க்’ இஸ்தான்புல் தெருவிற் கேட்ட ஒன்பதை அடிப்படையாகக் கொண்டது. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்னும் நடை மும்முறை வரும். நான்காம் முறை மூன்று மூன்றாகப் பிரியும். இவ்வாறு சென்று, கலைஞர் தனித்து வாசிக்கும் இடத்தில் பழகிய நான்கெண்ணிக்கைப் புளூஸ் நடைக்கு மாறி, மீண்டும் ஒன்பதுக்குத் திரும்பும். ‘திறீ டு கெட் றெடி’ என்னும் பாட்டிலோ மூன்றும் நான்கும் இவ்விரண்டு ஆவர்த்தனமாக மாறி மாறி வரும்.

யாவற்றினும் புகழ்பெற்றது ‘டேக் பைவ்’. இதனை இயற்றியவர் புறூபெக் என்றே பலர் கருதுவர். உண்மையில் இது டெஸ்மண்டின் ஆக்கம். மொறெல்லோ ஐந்தெண்ணிக்கையில் வாசித்துப் பார்த்த ஒரு நடையின்மேல் மெட்டு அமைக்குமாறு புறூபெக் கேட்க, டெஸ்மண்ட் இரு மெட்டுகளைக் கொணர்ந்தார். அவற்றைப் பொருத்தி ஓர் உருவாக்கியது புறூபெக்கின் பணி. நம் கண்டசாபு இரண்டும் மூன்றுமாக நடப்பது. ‘டேக் பைவ்’ மூன்றும் இரண்டுமாக நடப்பது. பாட்டு முழுவதும் பியானோ ஒரே சுரக்கூட்டுத் தொடரைச் சலிப்பின்றி மீட்டிக்கொண்டிருக்கும். தனித்து வாசிக்கும் வாய்ப்பைக் குழுத் தலைவர் தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. கேட்போர் தாளத்தைத் தவறவிடாதபடி தாமே கைத்தாளம் போடுபவர்போல் அமைகின்றார். அந்த உறுதியான தரையின்மேலேதான் டெஸ்மண்டின் சாக்சபோன் மிதந்து செல்கின்றது. மொறெல்லோவின் டிரம் இடைவெளி விட்டும், அடக்கியும், இடியென எழுந்தும் தன் தனியாவர்த்தனத்தை நிகழ்த்துகின்றது. றைட்டின் தந்தியோ எங்கும் முந்தாது எங்கும் பிந்தாது யாவரையும் தாங்குகின்றது.

‘டைம் அவுட்’ எளிமைக்கும் கடுமைக்கும் இடையே கண்ட சமநிலை இதுவே. தாளம் கடினமாயின் மெட்டு எளிதாக வேண்டும். மெட்டு பறக்குமாயின் அடித்தளம் அசையாதிருத்தல் வேண்டும். கேட்போரை அறிவிலார் என்று கருதிக் கணக்கைக் குறைத்தாரல்லர். தம் அறிவைக் காட்டவேண்டிக் கணக்கை முன்னே நிறுத்தினாருமல்லர். 1961இல் ‘டேக் பைவ்’ வானொலி தோறும் ஒலித்தது. அவ்வாண்டிலே ‘டைம் அவுட்’ அமெரிக்க விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்தை எட்டியது. பத்து இலட்சம் பிரதிகள் விற்ற முதல் ஜாஸ் தட்டு என்னும் பெயரும் அதற்கு உண்டாயிற்று. 1961இல் வெளிவந்த அடுத்த தட்டில் ‘அன்ஸ்குவெயர் டான்ஸ்’ என்னும் பாட்டு ஏழெண்ணிக்கையில் அமைந்தது. கைதட்டலே அதன் தாளக்கருவி. 1963 பெப்ரவரியில் நியூயோர்க்கின் கார்ணெகி மண்டபத்தில் நிகழ்ந்த கச்சேரி குழுவின் ஆற்றல் முதிர்ச்சியுற்ற நிலைக்குச் சான்று.

கொள்கையின் விலை

இப்புகழ் வளர்ந்த காலத்தில் குழுவினர் செலுத்திய விலையையும் நோக்குதல் வேண்டும். 1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகளில் 25 கச்சேரிகள் ஒழுங்குசெய்யப்பட்டிருந்தன. றைட்டுக்குப் பதிலாக வெள்ளையர் ஒருவரைக் கொணருமாறு கல்லூரிகள் கேட்டன. புறூபெக் மறுத்தார். பெரும்பாலான கச்சேரிகள் இரத்தாயின. நட்டம் ஏறத்தாழ 40,000 டொலர் என மதிப்பிடப்பட்டது. அக்காலத்தில் அது பெருந்தொகை. மற்றொருகால் பெயர்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், படக்கருவியின் பார்வையில் றைட் படாதவாறு ஒளிபரப்பக் கருதினர். அதனையும் புறூபெக் ஏற்கவில்லை, நிகழ்ச்சியையே துறந்தார்.

இவ்வுறுதிக்கு வேர் யாது? இளமையில் தந்தையார் தம்மைக் கறுப்பினத்து மாட்டிடையர் ஒருவரிடம் அழைத்துச் சென்று, அவர் மார்பைக் காட்டச் செய்ததைப் புறூபெக் முதுமையிற் கண்ணீரோடு கூறியுள்ளார். மாடுகளுக்குச் சூடிடுவதுபோல் அம்மனிதரின் மார்பிலும் சூடிடப்பட்டிருந்ததாம். இத்தகையன இனி நிகழலாகாது என்று தந்தையார் உரைத்தார். பண்ணையிற் பிறந்தவனுக்குச் சூட்டுக்குறியின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

இவற்றை வெறும் ஈகைச் செயலாகக் கொள்ளுதல் பொருந்தாது. கலைநோக்கிலும் இதற்கு நியாயம் உண்டு. ஐந்திலும் ஏழிலும் ஒன்பதிலும் மூவர் கற்பனையில் திரிய வேண்டுமாயின், தாளத்தை அசையாது காப்பவர் ஒருவர் வேண்டும். அக்குழுவில் அவர் றைட். அவரை நீக்கியபின் எஞ்சுவது அக்குழுவாகாது. அறமும் இசையும் இங்கு ஒரே விடையைத் தந்தன.

மதிப்பீடு

குழுவின்மேற் குறைகூறிய திறனாய்வாளரும் உளர். புறூபெக்கின் கை கனமானது; ஜாஸ் இசைக்குரிய துள்ளல் அதில் இல்லை என்றனர் சிலர். கறுப்பின மேதைகள் படைத்த இசையால் வெள்ளையர் பெரும்பொருளும் பெரும்புகழும் ஈட்டுகின்றனர் என்று கூறினர் வேறு சிலர். முதற்குற்றச்சாட்டு சுவை பற்றியது. கனம் அவர்தம் நடையின் இயல்பு. எனினும் மைல்ஸ் டேவிஸ் போன்ற பெருங்கலைஞர் அவர் இயற்றிய ‘இன் யுவர் ஓன் சுவீட் வே’, ‘த டியூக்’ ஆகிய மெட்டுகளைத் தாமே வாசித்துப் பதிவுசெய்தமை அவர்தம் ஆக்கத்திறனுக்குத் தக்க சான்றாகும். இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அந்நாட்டின் விளம்பரமும் வாய்ப்பும் நிறத்தைப் பார்த்தே வழங்கப்பட்டன. அவ்வுண்மையை முதலில் ஒப்புக்கொண்டவர் எலிங்டன் முன் நாணி நின்ற புறூபெக்கே. கிடைத்த வாய்ப்பைக் கொண்டு அவர் யாது செய்தார் என்பதே அவரை அளக்கும் கோல்.

1967 டிசெம்பர் இறுதியில் பிற்ஸ்பேர்க் நகரில் தம் இறுதிக் கச்சேரியை நிகழ்த்திக் குழுவினர் பிரிந்தனர். சமயப் பொருள்கொண்ட பேரிசைப் படைப்புகளை எழுதுவதற்கு ஓய்வு வேண்டிப் புறூபெக்கே இம்முடிவை மேற்கொண்டார். 1976இல் வெள்ளிவிழாவை ஒட்டி நால்வரும் மீண்டும் கூடினர். அதற்கடுத்த ஆண்டு, 1977 மே 30ஆந் திகதி, டெஸ்மண்ட் காலமானார். ‘டேக் பைவ்’ ஈட்டும் உரிமைப்பணத்தை அவர் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். போர்க்காலத்தில் புறூபெக்கைப் பியானோவுக்கு அழைத்த சங்கத்துக்கே குழுவின் பெரும்பாட்டு உரியதாயிற்று. மொறெல்லோ 2011இலும், புறூபெக் தம் தொண்ணூற்றிரண்டாம் பிறந்தநாளுக்கு முதல்நாளாகிய 2012 டிசெம்பர் 5ஆந் திகதியும் மறைந்தனர். நால்வருள் இறுதியாக, 2020இல், தம் தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தவர் றைட். ‘டைம் அவுட்’ தட்டினை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2005ஆம் ஆண்டுத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிற் சேர்த்துப் பாதுகாக்கின்றது.

கலையைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வோர் அதன் தரத்தைத் தாழ்த்தியே ஆகவேண்டும் என்று பலர் கூறுவர். சபையோர் விருப்பம், வருவாயின் தேவை, காலத்தின் போக்கு என்று காரணங்களும் காட்டுவர். இக்குழுவின் வரலாறு அதற்கு மறுப்பாக நிற்கின்றது. கேட்போரின் அறிவில் நம்பிக்கை வைத்துக் கடினமானதைத் தெளிவாகச் சொன்னால் அவர் ஏற்பர். அன்று கிறீன்வில் கல்லூரியில் நிருவாகத்தாரினும் மாணவரே முந்தி நின்றமை போல, இளையோர் சிலபொழுது முதியோருக்கு முன்னே செல்வர். அவர்களை நம்பிய கலைஞர் கெட்டதில்லை.